உஷார்! விரலில் 98, ரத்தத்தில் பாதிகூட இல்லை

லாட்ஜ் முற்றத்தில் சாயங்காலம் பார்பிக்யூ போட்டிருப்பார்கள். சிக்கன் தீர்ந்துவிடும், பேச்சு தீராது. பத்து மணிக்கு மேல் பனி இறங்கி, வாயைத் திறந்தால் ஆவி வரும். அடுப்பில் கங்கு இன்னும் செக்கச்செவேலென்று கிடக்கும். அதில் தண்ணீரை ஊற்றி அணைக்க யாருக்கும் மனசு வராது. ஒருவர் இடுக்கியால் கங்கைத் தகரத் தட்டில் வாரி அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பார். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைத் திணித்து, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எல்லோரும் படுப்பார்கள். “ஒண்ணும் ஆகாதுடா, புகையே இல்லை பாரு” என்று யாராவது சொல்வார்கள்.

இந்தப் பேச்சை நம்பித்தான் ஆட்கள் சாகிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கமிருந்து இப்படிப்பட்ட செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டு நாள் பேசுவோம், அடுத்த சீசனுக்குள் மறந்துவிடுவோம்.

கரிதான் கொல்லும் என்றும் நினைக்க வேண்டாம். 2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா போன ஒரு குழு, தாமன் என்கிற மலை ஊரில் ராத்திரி தங்கியது. அவர்களில் எட்டுப் பேர் ஒரே அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படுத்தார்கள். காலையில் எட்டுப் பேரும் எழவில்லை. நாலு பேர் குழந்தைகள். ஹெலிகாப்டரில் காட்மாண்டுவுக்குத் தூக்கிக்கொண்டு போயும் பிரயோஜனமில்லாமல் போயிற்று. அந்த அறையில் தீ விபத்து இல்லை, வெடிப்பு இல்லை.

கொல்வது கார்பன் மோனாக்சைடு. கரியோ, விறகோ, கேஸோ, டீசலோ, எது எரிந்தாலும் போதுமான காற்றுக் கிடைக்காவிட்டால் இது உண்டாகும். நிறமில்லை, மணமில்லை. கண்ணைக் கரிக்காது, தொண்டையில் கமறாது, இருமல் வராது. கேஸ் கசிந்தால் நாற்றம் அடிக்கிறதே என்பீர்கள். சிலிண்டர் கேஸில் அந்த நாற்றத்தைக் கம்பெனிக்காரர்களே நம் பாதுகாப்புக்காகக் கலந்து அனுப்புகிறார்கள். கார்பன் மோனாக்சைடில் கலந்து அனுப்ப யாரும் இல்லை. கங்கு விஷயத்தில் இன்னொரு கொடுமை உண்டு. ஜுவாலை அடங்கி, புகை நின்று, சாம்பல் பூத்துக் கனன்றுகொண்டிருக்கும் நேரத்தில்தான் அது இந்த வாயுவை ஏராளமாகக் கக்கும். புகை கண்ணை எரித்திருந்தால் நீங்களே எழுந்து கதவைத் திறந்திருப்பீர்கள். புகை நின்றதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் ஒழிய இந்த ஆபத்தின் அளவு மனசில் பதியாது. அதனால் கொஞ்சம் ரத்தத்துக்குள் போகலாம்.

நம் ரத்தத்தின் தண்ணீர்ப் பகுதியில் ஆக்சிஜன் கரையவே கரையாது என்று சொல்லுமளவுக்குக் குறைவாகத்தான் கரைகிறது. 100 மில்லி ரத்தத்தில் வெறுமனே கரைந்திருப்பது 0.3 மில்லி. அதை நம்பி ஒரு மனிதன் எழுந்து நிற்கக்கூட முடியாது. ஆனால் அதே 100 மில்லியில் மொத்தம் 20 மில்லி ஆக்சிஜன் போகிறது. வித்தியாசம் முழுவதும் ஹீமோகுளோபினின் உழைப்பு. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். டெஸ்ட் ரிப்போர்ட்டில் “15 கிராம்” என்று பார்த்துச் சந்தோஷப்படுகிறோமே, அது இந்தச் சுமக்கும் திறனின் கணக்குத்தான். 5 லிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 1 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு நிமிடத்துக்குக் கால் லிட்டர் செலவழிக்கிறது. அதாவது நம் கையிருப்பு நாலு நிமிடத்துக்கு. நுரையீரல் விடாமல் நிரப்பிக்கொண்டே இருப்பதால்தான் இது நமக்குத் தெரிவதில்லை.

ஒவ்வொரு சிவப்பணுவுக்குள்ளும் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் நாலு புரதச் சங்கிலிகள், ஒவ்வொரு சங்கிலியிலும் ஹீம் என்கிற வளையம், அதன் நடுவில் ஒரு இரும்பு அணு. ஆக்சிஜன் வந்து உட்காருவது அந்த இரும்பில். நாலு ஆள் உட்காரும் ஷேர் ஆட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் ஏறுவதுதான் கஷ்டம். அவர் ஏறியதும் வண்டியின் வடிவமே கொஞ்சம் மாறி, மற்ற மூன்று பேர் சுலபமாக ஏறிக்கொள்கிறார்கள். தசைக்கோ மூளைக்கோ போய்ச் சேர்ந்ததும் இதற்கு நேர்மாறு: அங்கே ஒருவர் இறங்க ஆரம்பித்தால் அடுத்தவர் இறங்குவதும் லேசாகிறது. ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட, வேண்டிய இடத்தில் விட்டுவிடுவதுதான் ஹீமோகுளோபினின் பெரிய சாமர்த்தியம். மாக்ஸ் பெருட்ஸ் என்கிற விஞ்ஞானி கேம்பிரிட்ஜில் குதிரை ரத்தத்து ஹீமோகுளோபினை வைத்துக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் போராடித்தான் இதன் வடிவத்தைக் கண்டுபிடித்தார். 1962இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வண்டியில் கார்பன் மோனாக்சைடு ஏறினால் இறங்குவது லேசில் இல்லை. ஆக்சிஜன் உட்காரும் அதே இரும்பில்தான் அதுவும் உட்காருகிறது, ஆனால் 200 மடங்குக்கும் அதிகமான பிடியோடு. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். கார்பன் மோனாக்சைடு வெறும் 0.1 சதவீதம், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும், சில மணி நேரத்தில் ஹீமோகுளோபினில் பாதிக்கு மேல் அதன் வசமாகிவிடும். அறையில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கத் தேவையே இல்லை. அது பாட்டுக்கு வேண்டிய மட்டும் இருக்கும், ஏற இடம் இருக்காது.

இதைவிட மோசமானது இரண்டாவது வேலை. நாலில் இரண்டு இடத்தைக் கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்டால், மிச்சம் இரண்டில் இருக்கும் ஆக்சிஜனும் இறங்க மறுக்கிறது. மூலக்கூறு “பிடித்து வைத்துக்கொள்ளும்” வடிவத்திலேயே இறுகிவிடுவதுதான் காரணம். மூளைக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றி, இறக்க வேண்டிய சரக்கைச் சரியாக இறக்காமலேயே திரும்பி வரும்.

ரத்த சோகையோடு ஒப்பிட்டால் இது நன்றாகப் புரியும். ஹீமோகுளோபின் 7.5 கிராமுக்கு இறங்கிப்போன பெண்கள் நம்மூரில் எத்தனையோ பேர். மூச்சு வாங்கும், கால் ஓயும். ஆனாலும் குடம் தூக்குகிறார்கள், சமைக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். (அது சரி என்று சொல்ல வரவில்லை. அது தனியாக எழுத வேண்டிய அக்கிரமம்.) இன்னொருவருக்கு 15 கிராம் இருக்கிறது, அதில் பாதியைக் கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்டது. கணக்குப்படி இருவரிடமும் வேலை செய்கிற ஹீமோகுளோபின் ஒரே அளவுதான். முதலாமவர் நடமாடுகிறார், இரண்டாமவர் நினைவில்லாமல் விழுந்து கிடக்கிறார். சோகை உள்ளவரின் உடம்பு மாதக்கணக்கில் பழகி, இருக்கிற ஆக்சிஜனைத் தாராளமாக இறக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. விஷவாயு ஏறியவரிடம் இருக்கிற ஆக்சிஜனும் இறங்குவதில்லை. ஏற்கெனவே சோகை உள்ளவர் அந்த அறையில் படுத்திருந்தால் அவர் கதி என்ன என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் சோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது.

மறுநாள் பேப்பரில் “மூச்சுத்திணறிப் பலி” என்று போடுவார்கள். படிக்கிறவர், ‘மூச்சுத் திணறினால் எனக்குத் தெரியாமலா போகும், எழுந்து கதவைத் திறந்துவிட மாட்டேனா’ என்று நினைத்துக்கொள்வார். திணறலே இருக்காது. தலையை மூடிக்கொண்டு படுத்தால் நமக்கு முட்டுவது ஆக்சிஜன் குறைவதால் அல்ல, கார்பன் டை ஆக்சைடு சேருவதால். விஷவாயு விஷயத்தில் நெஞ்சுக்கூடு வழக்கம்போல ஏறி இறங்குவதால் கார்பன் டை ஆக்சைடு சரியாக வெளியேறிக்கொண்டிருக்கும். கழுத்து ரத்தக்குழாயில் ஆக்சிஜன் குறைந்தால் மூளைக்குச் சொல்லக் காவலுக்கு ஒரு சிறு உறுப்பும் இருக்கிறது. ஆனால் அது பார்ப்பது ரத்தத்தில் கரைந்திருக்கும் அந்த 0.3 மில்லியை மட்டும். அது குறையாமலேயே இருப்பதால் காவலும் வாயைத் திறக்காது. தூங்குகிறவர் தூங்கியபடியே ஆழமான மயக்கத்துக்குப் போய்விடுவார். நடுவில் ஒன்றுக்கு எழுந்தவருக்குக் கால் துவளும், இரண்டடி வைப்பதற்குள் விழுவார். புத்தி “கதவைத் திற” என்று சொன்னாலும் கையால் தாழ்ப்பாளை இழுக்க முடியாது.

ஜான் ஸ்காட் ஹால்டேன் என்கிற பிரிட்டிஷ் உடலியல் விஞ்ஞானி இதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து 1895இல் எழுதிவைத்தார். கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை ஒரு மணி நேரத்துக்கு மேல் சுவாசித்துக்கொண்டே, இடையிடையே தன் ரத்தத்தை எடுத்து அளந்தார். ரத்தத்தில் பாதிக்கு மேல் போன நிலையில் அவரால் நிற்க முடியவில்லை, பார்வை மங்கிவிட்டது. சுரங்க வெடிவிபத்துகளில் செத்தவர்களில் பெரும்பாலானோர் வெடியால் அல்ல, அதற்குப் பிறகு சுரங்கத்தில் பரவிய இந்த வாயுவால் செத்தார்கள் என்று பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை கொடுத்தவரும் அவர்தான். மனிதனுக்குத் தெரிவதற்கு முன்பே சின்ன உயிர்களுக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லி, சுரங்கத்துக்குள் எலியையும் கேனரிக் குருவியையும் கூண்டில் எடுத்துப்போகும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். குருவி தண்டிலிருந்து விழுந்தால் ஆட்கள் ஓட வேண்டும். பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986வரை குருவி வேலையில் இருந்தது.

இப்போது நம் கையில் இருக்கிற குருவி ஆக்சிமீட்டர். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, துணி மாட்டுகிற கிளிப் மாதிரி விரலில் கவ்விக்கொள்ளும் மெஷின். 2021இல் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து நாம் எல்லோரும் அரை டாக்டர் ஆகிவிட்டோம். 98 என்றால் நிம்மதி, 92 என்றால் ஆம்புலன்ஸ். கொரோனாவுக்கு அது சரியான கணக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு அது பொய் சொல்லும். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

மெஷின் எப்படிப் பார்க்கிறது என்று கவனியுங்கள். விரலை வைத்ததும் நகத்தின் மேல் ஒரு சிவப்பு வெளிச்சம் விழுகிறதல்லவா? அதோடு கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வெளிச்சமும், அகச்சிவப்பு, விழுகிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் பளிச்சென்ற சிவப்பு. அது சிவப்பு வெளிச்சத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆக்சிஜன் இறங்கிய ரத்தம் கருஞ்சிவப்பு. அது சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். விரலின் மறுபக்கம் எவ்வளவு வெளிச்சம் வந்து சேர்கிறது என்று, நாடி துடிக்கத் துடிக்கக் கணக்குப் போட்டுச் சதவீதம் சொல்கிறது மெஷின். ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி 1970களில் கண்டுபிடித்த அற்புதமான வித்தை இது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர்கள் அவருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று சொல்லி முடியாது.

ஆனால் அந்த இரண்டு வெளிச்சத்துக்கு இரண்டு வகை ரத்தத்தைத்தான் பிரிக்கத் தெரியும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் பளிச்சென்ற சிவப்புத்தான். மெஷின் அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணிவிடும். பாதி ஹீமோகுளோபின் பறிபோன பிறகும் திரையில் 90க்கு மேலேயே காட்டும். தலைவலி தாங்காமல் வாந்தி எடுக்கிற ஆளுக்கு மாட்டிப் பார்த்து, “98 இருக்கு, பயப்படாதே, படுத்துத் தூங்கு” என்று சொல்லி அதே அறைக்குள் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்?

ஆஸ்பத்திரியிலும் இந்தப் பள்ளம் உண்டு. மணிக்கட்டு ரத்தக்குழாயில் ஊசி போட்டு எடுக்கிற பிளட் கேஸ் டெஸ்டில் ஆக்சிஜன் அழுத்தம் நார்மல் என்று வரும், ஏனென்றால் அது அளப்பது கரைந்த ஆக்சிஜனை. கோ-ஆக்சிமீட்டர் வசதியுள்ள கருவியில், கார்பாக்சிஹீமோகுளோபின் எத்தனை சதவீதம் என்று தனியாகப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும். சிகரெட், பீடி பிடிக்காதவருக்கு அது ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். விடாமல் ஊதுகிறவருக்கு 10 சதவீதம்வரைகூடப் போகும். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதுகிற அண்ணாச்சியின் ஹீமோகுளோபினில் பத்தில் ஒரு பங்கு எந்நேரமும் வேலைக்கு லாயக்கில்லாமல் கிடக்கிறது என்று அர்த்தம்.

புகைக்காதவருக்கும் அது பூஜ்யமாக ஏன் இருப்பதில்லை என்று கேட்டால், பழைய ஹீமைச் சிதைக்கும்போது நம் உடம்பே துளித்துளியாகக் கார்பன் மோனாக்சைடைத் தயாரிக்கிறது. ஹீம் வளையத்தைத் தனியாக எடுத்துச் சோதித்தால் அது ஆக்சிஜனைவிட இருபதாயிரம் மடங்குக்கு மேல் இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். சுற்றியிருக்கிற புரதம் ஒரு பொந்து மாதிரி அமைந்து, அந்தப் பிடியை 200 சொச்சத்துக்குக் குறைத்து வைத்திருக்கிறது. அந்த அமைப்பு மட்டும் இல்லாவிட்டால் நம் உடம்பு தயாரிக்கும் வாயுவே நம்மைத் தீர்த்துக்கட்டியிருக்கும். உள்ளே உண்டாகும் துளிக்கு ஏற்பாடு இருக்கிறது. தட்டு நிறையக் கங்குக்கு இல்லை.

மலைக்கே போகாதவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. பாத்ரூமைப் பாருங்கள். கேஸ் கீசர் பொருத்திய வீடுகள் எவ்வளவு இருக்கின்றன! கரண்ட் பில் மிச்சம், குழாயைத் திறந்ததும் சூடு. ஆறடிக்கு நாலடி அறை, இருக்கிற ஒரே வெண்டிலேட்டரையும் குளிருக்கு அட்டை வைத்து அடைத்திருப்பார்கள், கதவு உள்தாழ்ப்பாள். பர்னர் அந்த அறைக் காற்றிலேயே எரிகிறது, கழிவு வாயுவையும் அந்த அறைக்குள்ளேயே விடுகிறது. காற்றில் ஆக்சிஜன் குறையக் குறைய, தீ சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு கூடிக்கொண்டே போகும். உள்ளே குளிப்பவர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சரிந்துவிடலாம். வெளியே இருப்பவருக்குத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். “இன்னைக்குத் தலைக்குக் குளிக்கிறா போல, நேரமாகும்” என்று நினைத்துக்கொண்டு டிபனை முடிப்பார்கள். கீசரை வெளியே, காற்றோட்டமான சுவரில் மாட்டி, சுடுதண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோக வேண்டும். பிளம்பர் “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், எல்லா வீட்லயும் இப்படித்தான்” என்று சொல்லுவார். கேட்காதீர்கள். ஏற்கெனவே உள்ளே மாட்டியிருந்தால், வாளியில் தண்ணீர் பிடித்து, கீசரை அணைத்து, கதவைத் திறந்து போட்டுக் காற்றாட விட்ட பிறகு குளிக்கப் போங்கள்.

புயல், மழை என்றால் ஜெனரேட்டர். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த பகுதிகளை யாரும் மறந்திருக்க முடியாது. மழையில் நனைந்துவிடுமே என்று மாடிப்படிக்கு அடியிலும் கார் நிறுத்துகிற இடத்திலும் வராந்தாவிலும் மெஷினை வைத்து ஓட்டுவார்கள். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே ஜெனரேட்டர் ஓட, சரக்குக்குக் காவலாக அங்கேயே படுப்பார்கள். ஜன்னல் திறந்திருக்கிறதே என்பது சமாதானமாகாது. வீட்டைவிட்டுத் தள்ளி, திறந்த வெளியில், புகைக்குழாய் எந்த ஜன்னலையும் பார்க்காதபடி வைக்க வேண்டும். அமெரிக்காவிலும் ஒவ்வொரு பெரும்புயலுக்குப் பிறகும் ஜெனரேட்டர் வாயுவால் ஆட்கள் சாகிறார்கள். டி.வி.யில் தினமும் எச்சரிக்கிற நாட்டிலேயே அந்தக் கதி.

கார் எஞ்சினை ஓடவிட்டு, மூடிய ஷெட்டுக்குள் ஏ.சி. போட்டுத் தூங்குவதும் இதே கணக்குத்தான். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலைப்பாதையில் பனியில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டவர்கள் காருக்குள்ளேயே இறந்தார்கள். குளிரோடு, பனி மூடிய புகைக்குழாயிலிருந்து உள்ளே திரும்பிய கார்பன் மோனாக்சைடும் காரணமாகச் சொல்லப்பட்டது.

பிள்ளை பெற்ற வீட்டையும் சொல்லியாக வேண்டும், பாட்டிமார்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. பச்சை உடம்புக்காரிக்குக் காற்று படக் கூடாது என்று ஜன்னலை அடைத்து, கட்டிலுக்கு அடியில் தணல் சட்டி வைப்பது இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. குழந்தையின் தலையைத் துவட்டிச் சாம்பிராணி காட்டுவது வேறு. பிரசவத்தில் ரத்தம் போயிருக்கும் தாய்க்கும், பிறந்து பத்து நாள் ஆன சிசுவுக்கும் மூடிய அறையில் ராத்திரி முழுவதும் கங்கு வேண்டவே வேண்டாம். சாம்பிராணி காட்டியே ஆக வேண்டும் என்றால் கூடத்தில், கதவு திறந்திருக்க, இரண்டு நிமிடம் காட்டிவிட்டுச் சட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

அறிகுறிகள்தான் நம்மை ஏமாற்றுகின்றன. நெற்றிப்பொட்டில் இறுக்கமான தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வாந்தி, கைகால் அசதி. இதைக் கேட்டதும் நம் வாயில் வரும் பதில் என்ன? பித்தம். ராத்திரி சாப்பிட்ட புரோட்டா. மலை ஏறியது ஒத்துக்கொள்ளவில்லை. ஃபுட் பாய்சன். சந்தேகப்பட வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு: ஒரே அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலிக்கிறதா, வெளியே போனால் தெளிந்து, உள்ளே வந்தால் திரும்ப வருகிறதா? காய்ச்சல் இல்லையா? வளர்க்கிற நாயோ பூனையோ சுருண்டு கிடக்கிறதா? அப்படியென்றால் மாத்திரை தேடாதீர்கள். எல்லோரையும் எழுப்பி வெளியே ஓடுங்கள். செருப்பு, போன், சால்வை எதற்கும் திரும்ப வேண்டாம். பாடப்புத்தகத்தில் உதடு செர்ரிப் பழம்போலச் சிவக்கும் என்று எழுதியிருக்கும். அதற்காகக் காத்திருக்காதீர்கள், அது பெரும்பாலும் பிணத்தில் தெரிகிற நிறம்.

உள்ளே ஒருவர் விழுந்து கிடப்பதைப் பார்த்தால் பாய்ந்து ஓடத் தோன்றும். அப்படி ஓடியவரும் பக்கத்திலேயே விழுந்த கதைகள் உண்டு. முதலில் வெளியிலிருந்தே கதவு ஜன்னலைத் திறங்கள், கண்ணாடியாக இருந்தால் உடையுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், இழுத்துக்கொண்டு வாருங்கள். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டும். 108க்கு போன் பண்ணும்போதே “மூடிய அறையில் கரி எரிந்தது” அல்லது “கேஸ் கீசர்” என்று சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரியிலும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கேஷுவாலிட்டியில் நூறு வாந்தி மயக்கக் கேஸ் பார்த்துச் சலித்திருக்கும் டாக்டருக்கு, நீங்கள் சொன்னால்தான் பொறி தட்டும். “கார்பன் மோனாக்சைடா இருக்குமோன்னு பயமா இருக்கு டாக்டர், கார்பாக்சிஹீமோகுளோபின் பார்க்க முடியுமா?” என்று தைரியமாகக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். டெஸ்ட் வசதி இல்லாத சின்ன ஆஸ்பத்திரியாக இருந்தாலும், சந்தேகம் இருந்தாலே மாஸ்க் வைத்து முழு ஆக்சிஜன் ஆரம்பித்துவிடலாம். விரல் மெஷினில் 99 வந்துவிட்டது என்று மாஸ்க்கைக் கழற்ற விடாதீர்கள்.

ஆக்சிஜனை ஏன் விடாமல் கொடுக்க வேண்டும்? இரும்பில் ஒட்டிய வாயுவைக் கிளப்ப ஒரே வழி, ஆக்சிஜனைப் பெரும் எண்ணிக்கையில் அனுப்பி நெருக்குவதுதான். சாதாரணக் காற்றில் விட்டால் ரத்தத்திலிருக்கும் கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள். அழுத்தம் கூட்டிய அறைக்குள் வைத்து ஆக்சிஜன் கொடுத்தால் அரை மணிக்குள். அந்த அறையில் இன்னொரு லாபமும் உண்டு. மூன்று மடங்கு காற்றழுத்தத்தில் 100 மில்லி ரத்தத்தில் 6 மில்லி ஆக்சிஜன் சும்மாவே கரைந்துவிடும், ஹீமோகுளோபினின் தயவே இல்லாமல் உடம்பு ஓய்வில் உயிர் தரிக்க அது போதும். ஹால்டேன் இதையும் அப்போதே எலிகளை வைத்துக் காட்டிவிட்டார். இந்த வசதி சில பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கிறது. நினைவு தப்பியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது தேவையா என்று டாக்டர்கள் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும். வயிற்றிலிருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபின் தாயுடையதைவிட அதிகமாக இந்த வாயுவைச் சேர்த்துக்கொள்ளும், மெதுவாகத்தான் விடும். தாய் தெளிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆக்சிஜனை நீண்ட நேரம் தொடர்வது அதனால்தான்.

பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. ஹோட்டல் கூரையில் பொத்தான் மாதிரி இருக்கிற ஸ்மோக் டிடெக்டர் இது இல்லை. அது புகைக்கு அலறும், இந்த வாயுவுக்கு அலறாது. மலையில் லாட்ஜ், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் அறைக்கு ஒன்று மாட்டுவதற்கு ஆகும் செலவு, அவர்கள் வரவேற்பறையில் வைத்திருக்கும் மீன்தொட்டிக்கு ஆன செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அறை எடுக்கிறவர்கள் கூடுதல் கம்பளி கேட்டு வாங்குங்கள். கரிச்சட்டியை ரூம் பாய் தானாகவே கொண்டுவந்து நீட்டினாலும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

பிழைத்து வந்தவர்களின் வீட்டாருக்கு ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து நன்றாக நடந்து வந்தவருக்குச் சில நாளோ, இரண்டு மூன்று வாரமோ, சமயத்தில் ஒரு மாதம் கழித்தோகூட மூளையில் கோளாறு தலைகாட்டலாம். தெரிந்தவர் பெயர் மறக்கும், கணக்குத் தப்பும், நடை தள்ளாடும், சாதுவாக இருந்தவர் எரிந்து விழுவார். வயசாகிவிட்டது, ஆபீஸ் டென்ஷன் என்று விட்டுவிடாமல் நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்திருந்து கையில் எடுத்துப்போங்கள், அந்த ராத்திரி அறையில் என்ன எரிந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.